அசைவு கண்டறியப்படவில்லை

என் மனைவி லீமா ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போதே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. கஞ்சியை இறக்கி வைத்தது பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த அவள் தங்கை டெல்சிதான். நான் லீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மஸ்கட்டில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் எங்கள் மகள் லிஜாவுக்கு போன் போட்டோம். அழுது முடித்த பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, நாலு வருசமா அம்மைக்க மொகத்த போன்ல மட்டும் பாத்துக்கிட்டு கெடக்கேன். நேர்ல ஒருக்கா பாக்கணும். நான் வராம எடுத்திராதீங்க. சனிக்கிழமை காலம்பற வந்திருவேன்."

"எடுக்க மாட்டேன் மக்ளே," என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. எங்கள் பங்குக்கோயிலில் பிரீசர் பெட்டி இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தைச் சுற்றியுள்ள கடற்கரையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவில்தான். அதனால் இங்கே ஒருவர் கண்ணை மூடினால் குருவானவருக்குச் சொல்வதற்கு முன்னால் பெட்டிக்குச் சொல்லிவிடுவோம். பழைய பெட்டி பதினெட்டு வருடம் ஓடியது. அதில் இரண்டே பொத்தான். ஒன்று போட, ஒன்று அணைக்க. படிக்காதவனும் ஓட்டுவான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வி வகுப்பில் கற்றவன். அதற்கு முன்பே அந்தப் பெட்டியை ஓட்டியிருக்கிறேன்.

போன வருடம்தான் தக்கலையில் மையம் வந்தது. ஒருங்கிணைந்த தொலைநிலைச் சாதனக் கண்காணிப்பு மற்றும் நெறிப்படுத்தல் மையம் என்று பலகையில் எழுதியிருக்கும். நான் வாசித்து முடிப்பதற்குள் பஸ் அந்த இடத்தைத் தாண்டிவிடும். மானியத்தில் வாங்கிய மின்சாதனம் எதுவானாலும் அந்த மையத்தோடு இணைக்க வேண்டும் என்று உத்தரவு. பங்குப்பேரவைச் செயலாளர் ஆன்ட்ரூஸின் டீக்கடை பிரிட்ஜை இணைத்தார்கள். அதன்பிறகு தக்கலையில் யாரோ விரலால் தொட்டால் இங்கே பிரிட்ஜ் அணையும். பால் திரிந்தால், பால் திரிந்துவிட்டது என்று அவனுக்குச் செய்தி வரும். திரியாமல் வைக்கிற வித்தை அதற்குத் தெரியாது.

பிறகு கோயிலின் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு புதிய பெட்டியைக் கொடுத்தார்கள். கண்ணாடி மூடி, தானாகப் பூட்டும் பூட்டு, உள்ளே அசைவைப் பார்க்க ஒரு பொட்டுக்கண். துவக்கவிழாவுக்கு மையத்தின் துணை இயக்குநர் பகவதியப்பன் வந்தார். பெட்டிக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த கடலோர மக்களே! இதுவரை உங்கள் பெட்டி ஊமையாக இருந்தது. இனி அது எங்களோடு பேசும். உங்களில் யார் இதற்குள் படுத்தாலும் தனிமையை உணர வேண்டியதில்லை. தக்கலையில் நாங்கள் மூன்று ஷிப்டாக உங்களைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். அதே நேரத்தில் ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சாதனம் சும்மா கிடப்பது தேசத்துக்கு இழப்பு. இந்தப் பெட்டிக்கு மாத இலக்கு நான்கு. உங்கள் ஊர்ப் பதிவைப் பார்த்தேன், மாதம் ஒன்றரைக்கு மேல் போகவில்லை. பொதுமக்கள் ஒத்துழைப்பு இல்லாமல் எந்தத் திட்டமும் வெற்றி பெறாது."

நாங்கள் கை தட்டினோம். பக்கத்தில் நின்ற லீமா என் காதில், "ஒத்துழைக்கணுமாமே, நீங்க போறியளா, இல்ல நான் போவட்டா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். ஆன்ட்ரூஸ் திரும்பி முறைத்தான்.

அந்தப் பெட்டியைத்தான் வியாழக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் கொண்டுவந்து வைத்தார்கள். லீமாவைக் குளிப்பாட்டி, கல்யாண நாளுக்கு லிஜா அனுப்பியிருந்த நீலச் சேலையைக் கட்டி உள்ளே கிடத்தினோம். பிளக்கைச் செருகியதும் பெட்டி ஒரு பெண் குரலில் பேசியது.

"வணக்கம். எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. உங்கள் நாள் இனிதாக அமையட்டும்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார்கள். பிறகு தொடர்ந்தார்கள்.

மதியம் வரை ஆட்கள் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் ஒரு குறையுமில்லை. மூன்று மணிவாக்கில் செபமாலை நடந்துகொண்டிருக்கும்போது அதே குரல் மறுபடி வந்தது. "உள்ளே அசைவு கண்டறியப்படவில்லை. சாதனம் காலியாக உள்ளது. மின்சேமிப்பு நிலைக்குச் செல்கிறேன். நன்றி."

பழக்கத்தில் இரண்டு மூன்று பெண்கள் ஆமென் என்றார்கள். மோட்டார் சத்தம் நின்றது.

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்கு ஆன்ட்ரூஸ் போன் போட்டு என் கையில் தந்தான். மறுமுனையில் ஒரு சின்னப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"உங்கள் பெட்டி காலியாக இருப்பதால் ஓய்வில் உள்ளது சார்."

"காலியில்லம்மா. எனக்க பெண்டாட்டி உள்ள கெடக்கா."

"உள்ளே இருப்பவர் கடைசியாக எப்போது அசைந்தார் சார்?"

"காலைல ஏழரைக்கு."

"அதற்குப் பிறகு?"

"அதுக்குப் பொறவு அசையாதது கொண்டாக்கும் பெட்டிக்குள்ள வச்சிருக்கோம்!"

"உங்கள் வருத்தம் புரிகிறது சார். ஆனால் அரைமணிக்கு ஒருமுறையாவது உள்ளே அசைவு இருந்தால்தான் பெட்டி தொடர்ந்து ஓடும்."

"யாரு அசையணும்?"

"யாராவது சார். மென்பொருள் ஆள் பார்க்காது."

மூடியைத் திறந்து உள்ளே கையை ஆட்டினால் போதும் என்று அவளே வழியும் சொன்னாள். டெல்சி மூடியைத் தூக்கி, அக்காவின் முகத்துக்கு மேலே கையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள். "நல்வரவு," என்றது பெட்டி. மோட்டார் ஓடியது.

ஒரு செபமாலை சொல்லி முடிக்க ஏறக்குறைய அரைமணி ஆகும். கடிகாரம் பார்க்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. மாலையின் ஐந்தாவது பத்து மணிகளில் கடைசி ‘அருள்நிறை மரியே’ முடிந்ததும் டெல்சி எழுந்து மூடியைத் தூக்குவாள், கையை ஆட்டுவாள், மூடுவாள். அடுத்த செபமாலை தொடங்கும். அவளுக்குக் கை வலித்தபோது வேறு பெண்கள் முறைவைத்து ஆட்டினார்கள். துக்கம் கேட்க மணவாளக்குறிச்சியிலிருந்து வந்த ஒருத்தர், "இது உங்க பக்கத்து வழக்கமா?" என்று என்னிடம் கேட்டார். "இப்பம் வந்த வழக்கம்," என்றேன்.

எங்கள் வழக்கம் வேறு. சொந்தக்காரர்கள் வந்தால் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். மூடியைத் திறந்து நெற்றியில் முத்தம் வைக்க வேண்டும். வைக்காமல் போனால் பழைய சண்டை தீரவில்லை என்று அர்த்தம். லீமாவுக்குச் சொந்தம் அதிகம், சண்டையும் கொஞ்சம் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் மழையில் நனைந்துகொண்டே வந்து முத்தம் வைத்தார்கள். பதினோரு வருடம் பேசாமலிருந்த அவள் சித்தப்பா மகன்கூட வந்து வைத்தான். நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். அவன் மூடியை மூடினான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"மூடி திறப்பு வரம்பு நிறைவடைந்தது. சாதனத்தின் பாதுகாப்புக்காக மூடி பூட்டப்படுகிறது."

அடுத்த செபமாலை முடிந்ததும் டெல்சி கையைத் தூக்கியபடியே பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மூடி வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டிப் பார்த்தாள். பெட்டி அதை ஒப்புக்கொள்ளவில்லை. மோட்டார் நின்றது. அப்போது மணி பன்னிரண்டு.

மறுபடி போன் போட்டேன். அதே மரியாதை.

"பூட்டைத் திறக்க துணை இயக்குநரின் ஒப்புதல் வேண்டும் சார். தக்கலை அலுவலகத்துக்கு நேரில் வரவும்."

"தூரத்துல இருந்து பூட்டத் தெரியுதுல்லா, தூரத்துல இருந்து தொறக்கத் தெரியாதா?"

"பூட்டுவது தானாக நடக்கும் சார். திறப்பதற்குக் கையெழுத்து வேண்டும்."

ஆன்ட்ரூஸின் பைக்கில் மழையோடு தக்கலைக்குப் போனோம். செத்த வீட்டுக்காரன் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று டெல்சி கையைப் பிடித்தாள். "நான் போவாட்டா அவ ஒடம்பு கெட்டுப் போயிரும்டி," என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

மையத்தில் சுவர் முழுக்க ஒரே திரை. அதில் மாவட்டப் படம். படம் நிறையப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருத்தருடைய பிரிட்ஜ், மோட்டார், ஏசி. கடற்கரை ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று மின்னியது. அதைக் காட்டி, அதுதான் உங்கள் பெட்டி என்றார்கள். புள்ளியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பகவதியப்பன் சாப்பிடப் போயிருந்தார்.

உள்ளே கூப்பிட்டதும் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். "வாழ்த்துகள்," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்றைக்கு மின்சேமிப்பில் மாவட்டத்திலேயே உங்கள் பெட்டிதான் முதலிடம். நண்பகலில் இருந்து ஒரு யூனிட்கூட எடுக்கவில்லை. சான்றிதழ் தயாராகிக்கொண்டிருக்கிறது."

"சாரே," என்றான் ஆன்ட்ரூஸ், "அது ஓடாம கெடக்குததாலயாக்கும் நாங்க வந்தது. உள்ள ஆளு கெடக்கு."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "பதிவின்படி காலி. பாருங்கள், உள்ளே இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இல்லை என்று அறுபது விநாடிக்கு ஒருமுறை கருவி சொல்கிறது. நான் எதை நம்புவது? மனிதன் பொய் சொல்வான், துக்கத்தில் இன்னும் அதிகமாகச் சொல்வான். கருவிக்குத் துக்கம் கிடையாது. அதனால்தான் அரசாங்கம் கருவியை வாங்கியது."

"அப்பம் யாரையாவது அனுப்பிப் பாக்கச் சொல்லும்," என்றேன்.

"நேரில் போய்ப் பார்ப்பதை ஒழிக்கத்தான் இந்த மையமே. நேரில் பார்க்க ஆரம்பித்தால் இத்தனை பெரிய திரை எதற்கு?"

நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சாரே, எனக்க மவ நாளைக்குக் காலம்பற வாறா. தாய்க்க மொகத்த ஒருக்கா பாக்கணும், அவ்வளவுதான். நீரு எந்த எழவையும் எழுதிக்கிடும். பெட்டிய ஓட விடும்."

அவர் மனம் இரங்கினார். அதை நான் மறைக்கக்கூடாது. கொஞ்ச நேரம் திரையில் எதையோ தேடிவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். பொருள் வகையைக் கையால் மாற்றினால் அசைவு பார்க்காமல் பெட்டி ஓடும். உள்ளே என்ன பொருள் என்பதற்கு அதில் ஐந்து வகை இருந்தது: மீன், இறைச்சி, பால், மலர், காய்கறி.

"மனுசன் இல்லியா?" என்று கேட்டான் ஆன்ட்ரூஸ்.

"தயாரித்தவர்கள் வணிகப் பயன்பாட்டை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். கடற்கரை என்பதால் மீன் என்று போடுவோம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்."

"எனக்க பெண்டாட்டிய மீனுன்னு எழுதுவீரா ஓய்?"

"உணர்ச்சிவசப்படாதீர்கள். இது வகைப்பாடுதான். எனக்கே இங்கே பதிவில் உதிரிபாகம் என்றுதான் இருக்கிறது. நான் கோபப்பட்டேனா?"

அறைந்திருப்பேன். லிஜாவின் குரல் காதில் கேட்டது. முப்பது வருடம் என்னோடு கூழும் கஞ்சியும் குடித்தவளை, என் வாயாலேயே, "செரி, மீனுன்னு போட்டுக்கிடும்," என்று சொன்னேன். 

அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். திரை சிவந்தது. அவர் நெற்றியைச் சுருக்கி வாசித்தார்.

"அடடா. இது தடைக்காலம் அல்லவா? ஜூலை முடிகிற வரைக்கும் விசைப்படகுகள் போகக்கூடாது. அதனால் இந்த மாதங்களில் மீன் சேமிப்பை மென்பொருள் அனுமதிக்காது. சட்டவிரோத மீன் என்று பெட்டியை முடக்கிவிட்டது. மீன்வளத் துறைக்கும் தகவல் போய்விட்டது." பிறகு என்னைப் பார்த்து மனப்பூர்வமாகச் சொன்னார்: "பார்த்தீர்களா, எவ்வளவு நுட்பமான அமைப்பு! ஒரு மீன்கூடத் தப்ப முடியாது."

"முடக்குனத எடுத்து விடும்."

"மேல்முறையீடு செய்யலாம். ஏழு வேலைநாள்."

நாங்கள் கிளம்பும்போது ஒரு பெண் ஓடிவந்து ஆன்ட்ரூஸின் கையில் மின்சேமிப்புச் சான்றிதழைக் கொடுத்தாள். நனையாமலிருக்க பாலித்தீன் உறையில் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தே முக்கால். கண்ணாடி உள்பக்கம் வேர்த்துப்போய் லீமாவின் முகம் தெரியவில்லை. பெண்கள் செபமாலையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு விசிறியோடு பூட்டிய பெட்டிக்கு வெளியே வீசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வீசி என்ன பயன் என்று அவர்களுக்கும் தெரியும். சும்மா இருக்க முடியவில்லை.

நான் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துச் சுமக்கிறவன். வேலைக்கு வைத்திருக்கும் இரும்புத்தடி கதவுக்குப் பின்னால் நின்றது. எடுத்தேன். ஆன்ட்ரூஸ், "அண்ணே, கோயில் பெட்டியாக்கும், கேசு வரும்," என்றான். பிறகு அவனே மூடியின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தான். இரண்டாவது அடியில் பூட்டு தெறித்தது.

"அத்துமீறல்! அத்துமீறல்! உள்ளே அசைவு கண்டறியப்பட்டது!" என்று பெட்டி அலறியது. இரண்டு நாளாக நாங்கள் கெஞ்சியதை அப்போதுதான் ஒப்புக்கொண்டது. நான் ஒயரைப் பிடுங்கினேன்.

தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடக்கும். தடையில்லாத சின்ன வள்ளக்காரர்களுக்காக ஒன்று மட்டும் அரைகுறையாக ஓடியது. முதலாளி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்த ஐஸ் பாளங்கள் எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிவிட்டார். முன்னறையில் லீமாவைக் கிடத்தத் தார்ப்பாயை விரித்து, ஐஸை நானே உடைத்தேன். மாவாக உடைக்க வேண்டும், கூரான துண்டு படக்கூடாது. அடியில் ஒரு அடுக்கு, பக்கவாட்டில் அணை, கழுத்துக்கு இரண்டு புறமும் துணியில் பொதிந்து. முகத்தில் ஐஸ் நேராகப் பட்டால் தோல் வெளுத்துப்போகும், அதனால் ஈரத்துணி. இருபத்தெட்டு வருடம் இந்தக் கையால் எத்தனையோ பெட்டி அடுக்கியிருக்கிறேன். இவ்வளவு பையப் பைய எதையும் அடுக்கியதில்லை. டெல்சி என் பக்கத்தில் உட்கார்ந்து உருகிய தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றினாள்.  மூடியைத் திறந்தபோதே இரண்டு பேரும் லீமாவின் முகத்தைப் பார்த்துவிட்டோம். பூட்டிய கண்ணாடிக்குள் ஐந்தே முக்கால் மணி நேரம் கிடந்தது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு லிஜா வந்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் உள்ளே வந்து, ஐஸில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, துணியை எடுத்தாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். கண்ணோரம் உப்பியிருந்த இடத்தை விரலால் தடவினாள், தடவினால் சரியாகிவிடும் என்பதுபோல. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது அம்மைக்க மொகம் இல்லியே."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது மணிக்கு மையத்தின் ஜீப் வந்தது. பகவதியப்பனும் கூட ஒரு ஆளும். ஒரு மலர்வளையமும் கொண்டுவந்திருந்தார்கள், அதில் மையத்தின் பெயர் முழுவதும் இடம் போதாமல் பாதியில் நின்றிருந்தது. பகவதியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தோடு நின்றுகொண்டார். ஒரு தாளை நீட்டினார்.

"இழப்புக்கு மையம் சார்பில் ஆழ்ந்த இரங்கல். மாவட்டத்தின் முதல் அத்துமீறல் இது, ஆனாலும் மனிதாபிமானத்தோடு முடிக்க நினைக்கிறேன். இங்கே ஒரு கையெழுத்து போட்டால் போதும், கேஸ் கிடையாது. வாசிக்கவெல்லாம் வேண்டாம்."

நான் வாசித்தேன். எனக்கு வேகமாக வராது. ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேதப்படுத்தப்பட்ட நேரத்தில் பெட்டி காலியாக இருந்தது என்று நான் உறுதி கூறுவதாக அதில் இருந்தது.

"காலியா?" என்றாள் லிஜா. உள்ளேயிருந்து வந்து என் பின்னால் நின்றிருந்தாள். சேலை முட்டுவரை நனைந்திருந்தது.

அவர் அவளுக்கும் பொறுமையாக விளக்கினார். "புரிந்துகொள்ளம்மா. காலிப் பெட்டியை உடைத்தால் அது சிறிய தவறு, உங்கள் அப்பாவுடையது. உள்ளே ஆள் இருந்தது என்றால் பெட்டி நின்றது பெரிய தவறு, எங்களுடையது. எங்கள் மையத்தில் இதுவரை தவறே நடந்ததில்லை. ஒரு நல்ல நிறுவனத்தின் பெயரை ஒரு சாவுக்காக..."

"உள்ள வந்து பாருங்க சாரே," என்றாள்.

"நேரடி ஆய்வு எங்கள் நடைமுறையில் இல்லை."

"பாத்துக்கிட்டே இருப்போம்னு சொன்னியளாமே. ஒருக்கா பாருங்க."

அவர் போனை எடுத்துப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். மாவட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிற கண், ஒன்பதடி தூரத்தில் கிடந்தவள் பக்கம் மட்டும் திரும்ப மறுத்தது.

நான் தாளைக் கீழே போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பாளம் தூக்கிப் பழகிய பிடி. கூட வந்த ஆள் ஒரு எட்டு முன்னால் வைத்தான். ஆன்ட்ரூஸ் அவன் தோளில் கை போட்டான், அவன் அங்கேயே நின்றுகொண்டான். பகவதியப்பனை முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் வழி விட்டார்கள். லீமாவின் தலைமாட்டில் அவரை உட்காரவைத்து, அந்தக் கையை ஐஸுக்குள், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன்.

"பாரும். அசையுதா இல்லியான்னு பாத்துச் சொல்லும்."

கண்ணை மூடிக்கொண்டார். பத்து நொடி சமாளித்தார். பிறகு இத்தனை நாள் அச்சடித்த தமிழ் பேசிய வாயிலிருந்து எங்கள் பேச்சு வந்தது.

"விடும் ஓய், வெறைக்கி! கை வெறைக்கி!"

"கண்ணத் தொறயும்," என்றேன்.

திறந்தார். பார்த்தார். முகம் கோணிப்போய் அழுதார், அல்லது வலியில் கண்ணீர் வந்தது, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. லிஜா அம்மாவின் நெற்றியில் முத்தம் வைத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் அடக்கத்துக்கு மணி அடிக்கிறவரைக்கும் நான் அந்தக் கையை விடவில்லை.